முதல் இடம் கேட்டு வந்தவன்

அவனை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனாலும் இந்தப் பக்கங்கள் முழுவதும் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். அவனோடு பேசிய நாட்களில், கடைசி ஒரு தடவை தவிர, 'அண்ணாச்சி' என்றும் 'நீங்க' என்றும் வாய் நிறையச் சொல்லியாகிவிட்டது. அவனுக்குக் கொடுத்த மரியாதை முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு இதைவிட்டால் வேறு இடம் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். செய்து கொடுப்பதைவிடப் பெரிய வேலை, செய்ததை ஆட்கள் கண்ணில் படவைப்பது. நெட்டில் யாராவது 'திருநெல்வேலியில் மனை' என்று தேடினால் வரிசையாகப் பல சைட்டுகள் வரும். அந்த வரிசையில் நம்மவரை மேலே கொண்டுவர வேண்டும். இதற்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். அப்பாவுக்கு இதை விளக்கியபோது, "கடைத்தெருவுல போர்டு மாட்டுததுக்கு எடம் பாக்குத மாதிரின்னு சொல்லு" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

அவன் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் இரண்டு செல்போன். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், நெட்ல தேடுனா நம்ம கம்பெனிதான் மொத வரணும். ரெண்டாவது எடம்லாம் நமக்குச் சரிப்படாது. சைட்டு இருக்கு. ஆனா ஒரு பய கண்ணுலயும் பட மாட்டேங்கு."

குலசேகரன்பட்டினம் பக்கம் புதிதாக மனை போட்டிருக்கிறானாம். ராக்கெட் தளம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தச் செம்மண் காடு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கல் முளைத்துக் கிடக்கிறது. துபாயிலும் சென்னையிலும் இருப்பவர்கள் செல்லிலேயே தேடி, செல்லிலேயே பேசி, பாதி பேர் இடத்தைப் பார்க்காமலே வாங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படவேண்டும் என்பது அவன் ஆசை.

கம்பெனியின் பெயரைச் சொன்னான். நான் கேள்விப்படாத பெயர். சைட்டைத் திறந்ததும் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அது சைட்டே இல்லை, ஃபிளெக்ஸ். நம் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தசரா எதுவானாலும் முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறிவிடும். அந்த ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையிலேயே சொல்லி, வெப்சைட்டையும் செய்து வாங்கியிருந்தான். மேலே பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றும் ஒரே வரிசையில். நடுவில் கும்பிட்ட கையோடு அவன். கம்பெனியின் பெயர், விலாசம், போன் நம்பர், 'விற்பனையில் உள்ளவை', 'விற்றுத் தீர்ந்தவை' என்று பொடி எழுத்தில் ஊர் ஊராக மனைப்பிரிவுகளின் பெயர்கள், எல்லாமே சேர்த்து ஒரே நீளப் படம். ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. தேடுகிற இயந்திரம் படத்துக்குள் இருப்பதை எழுத்தாக மதிப்பதில்லை. அதைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அவன் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

அதைச் சொல்ல வாயெடுத்தபடியே படத்தைக் கீழே நகர்த்தினேன். 'எங்கள் குடும்பத்தில் இணைந்தவர்கள்' என்று போட்டு, வட்ட வட்டமாக முகங்கள். இரண்டாவது வட்டத்தில் என் அப்பா இருந்தார். 'நம்பி வாங்கினேன், நிம்மதியாக இருக்கிறேன்' என்று அவர் சொன்னதாகக் கீழே எழுதியிருந்தது.

என் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா இந்த ஊரில் ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அசனம் நடக்கும். கோயிலில் ஆராதனை முடிந்து, சபையார் அத்தனை பேரும் பந்தலில் பந்தி பந்தியாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். அன்றைக்குக் கறிக்குழம்பு வாளி அப்பா கையில்தான் இருக்கும். யாருக்கு எலும்பு பிடிக்கும், யாருக்குக் கொழுப்பு ஆகாது என்று ஞாபகம் வைத்து ஊற்றுவார். வாளி அவர் கையில் இருந்தால் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே அளவு விழும் என்று சபையில் எல்லோருக்கும் நம்பிக்கை. அப்பாவுக்கு இந்த ஊரில் இருந்த சொத்து அந்த நம்பிக்கைதான்.

அந்தச் சொத்தில்தான் இவன் கை வைத்தான். நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன், இவனை நேரில் பார்த்ததில்லை. அப்பா சொல்லிக் கேட்டதுதான். மனை பார்க்க இலவச வேன், வழியில் டிபன், அங்கே போனதும் டீ. வேனில் ஏறியவர்கள் சபையார் என்பதால் அன்று இவன் நெற்றியில் திருநீறு இல்லை. "ஸ்தோத்திரம் சார்" என்று ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றி, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வேனை எடுக்கச் சொன்னானாம். ஆளுக்கு ஏற்ற நெற்றி வைத்திருக்கிற பயல்.

இடம் நாங்குநேரி போகிற நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே. ஒரு பூவின் பெயரோடு நகர் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருந்தான். உண்மைப் பெயர் வேண்டாம், பூ நகர் என்றே சொல்கிறேன். நல்ல கோடை. செம்மண் அடித்து நிரவி, விளையாட்டு மைதானம் மாதிரிக் கிடந்ததாம். தூரத்தில் நீளமாக ஒரு மேடு, அதன்மேல் வரிசையாகப் பனை. "அது என்ன மேடு?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "ரோட்டுக்குக் கொட்டுன மண்ணு சார்" என்றானாம்.

அது குளத்துக்கரை. அவர்கள் நின்ற இடம், குளத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையை மூடி மண் அடித்த இடம். திருநெல்வேலியில் பிறந்தவருக்குக் குளத்துக்கரை தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பிறகு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அப்பா பள்ளிக்கூடம், கோயில், வீடு என்று மூன்று தெருவுக்குள் வாழ்ந்த மனிதர். அவருக்குக் காகிதம் பார்க்கத் தெரியும். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தார். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் எங்கே நிற்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தனக்கு நல்லதாகப் பட்டதை நாலு பேரிடம் சொன்னார். சார் பார்த்துவிட்டால் சரியாக இருக்கும் என்று சபையில் பலர் வாங்கினார்கள். அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரும் அதில் ஒருவர். அவரும் அதே வேனில் போனவர்தான்.

ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் பூ நகர் மறுபடியும் குளமாகிவிட்டது. அப்பா இடுப்பளவு எழுப்பியிருந்த சுவருக்கு மேலே மீன் ஓடியது. மழை விட்டு ஊரெல்லாம் வடிந்த பிறகும் அங்கே வடியவில்லை. அடுத்த மழைக்கும் அப்படியே ஆனது. இவனைத் தேடிப் போனால் அலுவலகத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கம்பெனியின் பெயரையும் மாற்றிவிட்டான் என்று மட்டும் யாரோ சொன்னார்கள், புதுப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

"நீங்க சொன்னதாலதான சார் வாங்குனோம்" என்றார் டீச்சர். அப்பாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. இவன் அப்பாவின் படத்தைப் போட்டு ஊரில் அங்கங்கே ஃபிளெக்ஸ் வைத்திருந்தான் அல்லவா, அதை இப்போது எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். சும்மாவா படம் போடுவான், சார் கமிஷன் வாங்கியிருப்பாரு என்று பேச்சு கிளம்பியது. ஆராதனை முடிந்து வரும்போது கோயில் படிக்கட்டில் வைத்து அது அப்பா காதிலேயே விழுந்தது. சொன்னவர் யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் அசனத்துக்கு அப்பா போகவில்லை. வயிறு சரியில்லை என்று காலையிலேயே படுத்துவிட்டார். நான் அதற்குள் சென்னையை விட்டு இங்கே வந்துவிட்டிருந்தேன். கோயில் எங்கள் தெருவின் முனையில்தான். கறிக்குழம்பு வாசம் வீடு வரை வந்தது. நான் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினேன். அடுத்த வருஷமும் சாத்தினேன்.

எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், ஒரு ஞாயிறு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். ஜெபத்துக்குத் தலைகுனியச் சொன்னபோது நான் கண்ணை மூடவில்லை. எனக்கு மன்னிக்க விருப்பம் இல்லை. அவன் அகப்பட வேண்டும். அகப்பட்டு, அப்பா ஒன்றும் வாங்கவில்லை என்று அவன் வாயாலேயே சபை கேட்கச் சொல்ல வேண்டும். நிலம்கூட எனக்கு அப்புறம்தான்.

ஒருநாள் அப்பாவின் செல்லில் எதையோ சரிசெய்யப்போனபோது, அவர் நெட்டில் தேடியவை வரிசையாகக் கண்ணில் பட்டன. 'பூ நகர் மனைப்பிரிவு உரிமையாளரின் தற்போதைய முகவரி தெரிவிக்கவும்.' அதையே திரும்பத் திரும்பத் தேடியிருந்தார். ஒன்றில் 'ஐயா' என்று ஆரம்பித்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஆபீஸ் கடிதம் எழுதிய கை, தேடுகிற இயந்திரத்துக்கும் மனு எழுதியிருந்தது. பதிலாக ஒரு பூக்கடையும் ஒரு கல்யாண மண்டபமும் வந்திருந்தன. செல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் அழுதேன்.

அந்த மனிதரின் முகத்தைத்தான் வட்டத்துக்குள் போட்டு, நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதிவைத்திருந்தான்.

எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முடிந்தவரை சாதாரணமாக, "இவங்கள்லாம் யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நம்ம கஸ்டமருங்கதான் மேடம். இந்தா இருக்காருல்லா, ஸ்கூல் சாரு, இவரு ஒருத்தரால ஒரு வேன் ஆளு வந்துது."

"அப்ப நல்ல கமிஷன் குடுத்திருப்பீங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கமிஷனா? ஒரு டீ குடிச்சாரு மேடம். ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை, ஒரு டீ. அவ்வளவுதான் நமக்குச் செலவு. வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாத மனுசன்."

கையில் இருந்த டம்ளரை அவன் முகத்தில் எறிந்திருப்பேன். எறிந்தால் சட்டை நனையும், எழுந்து போவான், மறுபடியும் பெயரை மாற்றிக்கொள்வான். எனக்கு அது போதாது. இவனைத் தேடுகிறவர்கள் இந்த ஊரிலும் கடற்கரை ஊர்களிலும் கிடக்கிறார்கள். கண்ணில் படாமல் இருந்ததால்தான் இதுவரை தப்பித்தான். இப்போது தன்னைக் கண்ணில் படவைக்கச் சொல்லி அவனே என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். இந்த மாதிரி ஒரு நாள் எல்லோருக்கும் வாய்க்காது.

"மொத எடம்தான அண்ணாச்சி? வாங்கிக் குடுத்துருவோம்" என்றேன்.

அன்றே எனக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். அவன் சைட்டில் ஒரு பொய்யும் எழுதுவதில்லை. அவன் சொன்ன வேலையை அவன் சொன்னபடியே, எனக்குத் தெரிந்த அத்தனை திறமையையும் போட்டுச் செய்து கொடுப்பது. யாருக்கும் இவ்வளவு ஒழுங்காக நான் வேலை செய்ததில்லை.

முதல் வேலை, வட்ட முகங்களின் கீழே எழுதியிருந்ததை மட்டும் விட்டுவிட்டு, அந்த நீளப் படத்தில் இருந்ததையெல்லாம் எழுத்தாக அடிப்பது. 'விற்றுத் தீர்ந்தவை' வரிசைக்கு வந்ததும் அவனிடம் கேட்டேன்: "இந்தப் பழைய மனைப் பேருங்களும் வேணுமா அண்ணாச்சி? பூ நகர்லாம் இருக்கே." ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்பதாக இல்லை.

"என்ன மேடம் இப்படிச் சொல்லுதிய? அதுதான நம்ம கெத்து! ஒண்ணு விடாமப் போடுங்க. எத்தன வருசமா இருக்கோம்னு சனத்துக்குத் தெரியணும்லா."

"அப்ப பழைய கம்பெனிப் பேரையும் போட்டாத்தான் நம்புவாங்க."

"போடுங்க, போடுங்க."

அவனுக்கு உறைக்கவே இல்லை. விற்றுவிட்டால் அவன் கணக்கில் அது வெற்றி. அதற்குப் பிறகு அங்கே வீடு நிற்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்பது வாங்கினவன் பாடு. ஃபிளெக்ஸில் அந்தப் பெயரைப் போட்டு யாரும் அவனைத் தேடி வந்ததில்லை. ஃபிளெக்ஸில் போட்டதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

விற்ற மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் செய்தேன். இந்த வேலையில் ஒரு முறை உண்டு. ஆட்கள் எந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடுவார்களோ, அதையே தலைப்பாக வைத்து அடியில் பதில் எழுத வேண்டும். மற்றப் பக்கங்களுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. பூ நகருக்கு யோசிக்கவே இல்லை, அப்பாவின் மனு இருந்ததே. 'பூ நகர் மனைப்பிரிவு உரிமையாளரின் தற்போதைய முகவரி' என்று தலைப்பு வைத்தேன். அடியில் அவன் படம், புது அலுவலகத்தின் விலாசம், புது பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது, எதிரே என்ன கடை இருக்கிறது, காலையில் எத்தனை மணிக்கு ஆளைப் பிடிக்கலாம், எல்லாம் வைத்தேன். வரைபடத்தில் அவன் கடையைச் சரியான இடத்தில் குத்திவைத்தேன்.

பிறகு வீடியோ. முதலாளி தன் வாயால் பேசினால் ஆட்களுக்கு நம்பிக்கை வரும், சைட்டும் மேலே ஏறும் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. மறுநாளே தலைக்கு மை அடித்து, புதுச் சட்டை போட்டு வந்துவிட்டான். செல்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்: "பூ நகர்ல அவ்வளவு பேரு எப்படி வந்தாங்க அண்ணாச்சி? ஆளு பிடிச்சுவிட யாருக்காவது கமிஷன் குடுத்தீங்களா?"

கேமராவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினான். "கமிஷன் குடுத்து ஆளு பிடிக்கிற பழக்கமே நம்ம கம்பெனியில கெடையாதுங்க. எல்லாம் நம்பிக்கை. ஒரு ஸ்கூல் சாரு வந்தாரு, படம்கூட நம்ம சைட்டுல இருக்கு. எத்தன பேரக் கூட்டிட்டு வந்தாரு! ஒரு பைசா வாங்கல. ஒரு டீ குடிச்சாரு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட கம்பெனிங்க இது."

எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். "நல்லா வந்துருக்கு மேடம். மொகத்த மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்றான். வெள்ளையாக்கினேன். அதைப் பூ நகர் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகே ஏற்றினேன். அவன் பார்த்தது அவன் படங்களை மட்டும்தான்.

சைட் பையப் பைய மேலே ஏறியது. குலசேகரன்பட்டினத்துத் தசராக் கூட்டம் கலைந்து ஊர் திரும்பிய சமயம், ராக்கெட் தளத்துப் பக்கம் மனை என்று தேடினாலும் முதலில் அவன், பூ நகர் என்று தேடினாலும் முதலில் அவன். "பிச்சுட்டிய மேடம்!" என்று போனில் கத்தினான். துபாயிலிருந்து ஒருத்தன் பேசினானாம், மஸ்கட்டிலிருந்து ஒருத்தன் பேசினானாம். சந்தோஷம் அண்ணாச்சி என்றேன். எனக்கும் சந்தோஷம்தான்.

நம் பக்கத்து ஆட்களில் முதலில் வந்தவர், உவரி என்கிற கடற்கரை ஊர்க்காரர். வள்ளத்தில் வருகிற மீனை ஏலம் எடுத்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு வேனில் கொண்டுபோகிற வியாபாரி. தங்கை மகள் டவுனில் தங்கிப் படிக்கட்டும் என்று பூ நகரில் மனை வாங்கியவர். தண்ணீர் ஏறிய நாளிலிருந்து சந்தைக்குச் சந்தை நின்று செல்லில் அவனைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு காலையில் அகப்பட்டுவிட்டான். விலாசம், வழி, எதிர்க்கடை எல்லாம் அதிலேயே இருந்தது. மீன் வேனை நேராக ஓட்டிவந்து, மனை பார்க்கப் போகிறவர்கள் வேன் ஏறுகிற இடத்தை அடைத்து நிறுத்திவிட்டார். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வாசல் முழுக்க வழிந்தது. அவன் வெளியே வந்து, "யாருவே நீரு? வண்டிய எடும்" என்றானாம்.

"பூ நகர்ல தண்ணிக்குள்ள எனக்கு ஒரு மனை கெடக்கு அண்ணாச்சி. நல்லா மீனு வளருது. அதான், ஏவாரத்த இங்கனயே வச்சிக்கிடலாம்னு வந்தேன்."

இதை உவரிக்காரரே பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். அவன் முகத்தில் ஈயாடவில்லையாம், வேனில் ஈ ஆடியதாம். மறுநாளும் வேன் வந்தது. அதற்கு மறுநாள் பூ நகரில் வாங்கிய இன்னும் சிலர் வந்தார்கள். பக்கம் ஒருவர் கண்ணில் பட்டதும் அடுத்தவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, சபையார் வரை வந்து சேர்ந்துவிட்டது.

டீச்சர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றார். தண்ணீர் வந்ததிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. உள்ளே கூப்பிட்டேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், என்ன சொல்லப்போகிறாரோ என்று. டீச்சர் செல்லை நீட்டினார். அப்பா அதைக் கண்ணாடிக்கு வசதியாகத் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவன் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. ஒரு பைசா வாங்கல. ஒரு டீ குடிச்சாரு.

"நான் உங்களப் பத்தி ஒண்ணும் பேசல சார்" என்றார் டீச்சர். "ஆனா பேசுனவங்கள வேண்டாம்னும் சொல்லல. அதுதான் எனக்குப் பொறுக்கல."

அப்பா வீடியோவை மறுபடியும் போடச் சொன்னார். முடிந்ததும், "டீயா?" என்றார். "டீ குடிச்சேன்னா சொல்லுதான்? நான் குடிக்கலயே. சுகர் இருக்கு, வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஆமா சார்" என்றார் டீச்சர். "அந்த டீய நீங்க என்கிட்டதான் தந்தீங்க. நான்தான் குடிச்சேன்."

அப்பா சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்து, உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

டீச்சர் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "இத நெட்ல ஏத்துனது யாரு?"

"நான்தான்."

"நீ யாருன்னு அவனுக்குத் தெரியுமா?"

"கேக்கல. சொல்லல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுத்தராக இருந்த மனிதர் அல்லவா, அவருக்குக் கவலை வேறாக இருந்தது. "அப்ப திருத்திப் போடு ஏட்டி. டீ குடிக்கலன்னு. தப்பான தகவல அப்படியே விடப்படாது."

வீடியோவுக்கு அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'திருத்தம்: இந்த வாடிக்கையாளர் அன்று டீயும் குடிக்கவில்லை.' அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் அவனிடம் சம்மதம் கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் போன் வந்தது.

"மேடம், அந்தப் பூ நகர்ப் பக்கத்த எடுங்க. ஒடனே எடுங்க. மீன் நாத்தத்துல ஒருத்தன் நம்ம வேன்ல ஏற மாட்டேங்கான். துபாய்க்காரன் அந்தப் பக்கத்தப் பாத்துட்டு, உம்ம ராக்கெட் மனையில எவ்வளவு தண்ணி நிக்கும்னு கேக்கான்."

"எடுத்துரலாம் அண்ணாச்சி. ஆனா தேடல்லேருந்து மறைய நாளாகும். மொத எடம்லா, லேசுல விடாது."

"அதுல டீ குடிக்கலன்னு ஒண்ணு எழுதியிருக்கு. அத யாரு எழுதச் சொன்னா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" குரல் திடீரென்று இறங்கியது. "நீங்க யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த டீயக் குடிக்காத மனுசனோட மகதாம்லே" என்றேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. அவன் வைக்கிற வரை நான் வைக்கவில்லை. அந்த மௌனத்தைக் கடைசிச் சொட்டு வரை கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான ஒன்றை நான் அனுபவித்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பூ நகர்க்காரர்கள் அவனை விடவில்லை, கணக்குத் தீர்க்காமல் ராக்கெட் மனை ஒன்றும் விற்க முடியாது என்று அவன் வாசலிலேயே கிடந்தார்கள். ஜே.சி.பி. கொண்டுவந்து, மூடிய ஓடையை அவனையே நின்று திறக்கவைத்தார்கள். பார்க்க நானும் போயிருந்தேன். வெள்ளைச் சட்டையோடு முழங்கால் சேற்றில் நின்றான். என்னைப் பார்த்தான், உடனே கரையைப் பார்த்தான். தண்ணீர் நிற்கிற மனைக்காரர்களுக்கு மேட்டுப் பக்கம் மாற்று இடம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொருவராக, முனகிக்கொண்டே. அந்த வருஷ அசனத்தில் கறிக்குழம்பு வாளியை டீச்சரே தூக்கிவந்து அப்பா கையில் கொடுத்தார். நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன், எனக்கும் ஒரே அளவுதான் விழுந்தது.

அவன் சொன்னபடி பூ நகர்ப் பக்கத்தை எடுத்துவிட்டேன். சைட் அவனுடையது, எடுக்கச் சொன்னால் எடுப்பதுதான் நியாயம். ஆனால் உவரிக்காரர் அந்த வீடியோவை அதற்கு முன்பே செல்லில் இறக்கிவைத்திருந்தார். அதைப் போடத் தனக்கு ஒரு சைட் வேண்டும் என்று என்னிடம் வந்தார். அதே தலைப்பு வைத்துச் செய்து கொடுத்தேன். எனக்குக் கூலி, நல்ல சீலா மீன் ஒன்று.

"போதும் ஏட்டி, விட்டுரு" என்கிறார் அப்பா. நான் விடவில்லை. தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல் வேலையாக அப்பாவின் மனுவை அப்படியே எழுதித் தேடிப்பார்க்கிறேன். உவரிக்காரரின் பக்கம் வரிசையில் கொஞ்சம் இறங்கியிருந்தால், ஆக வேண்டியதைச் செய்து ஏற்றிவிடுகிறேன். அவன் முதல் இடம் கேட்டுத்தான் என்னிடம் வந்தான். நான் இருக்கிற வரை அங்கேயே நிற்பான்.